மலையா, மகள் ஊரா?

மார்ச் 3

என் வாயாடிக்கு,

அம்மாவின் முத்தங்களும் அப்பாவின் அட்டகாசமும் உன்னை வந்து சேரட்டும்.

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் கார் மட்டும்தான் படுத்துவிட்டது. புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் வங்கி மேலாளர் கிளட்ச்சைக் காலால் மிதிப்பதில்லை, கோபத்தால் மிதிக்கிறாராம். “கணக்குல புலி, காருல எலி” என்று அப்பா தினமும் வந்து புலம்புகிறார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடுகிறது.

இரண்டு பல்கலைக்கழகங்களும் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டன என்று சொன்னதும் நீ போனில் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. உன் கூச்சலில் நியாயம் உண்டு. இத்தனை வருடம் கோர்ட்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்தவள், நாற்பத்தெட்டு வயதில் சட்டம் படிக்க வெளிநாடு போகிறாள் என்றால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? எங்கள் தலைமை எழுத்தர் கேட்டார், “அப்போ நீங்க வாதாடுவீங்க, நாங்க டைப் அடிக்கணுமா?” “ஆமா, தப்பில்லாம அடிக்கணும்” என்றேன். ஆபீசே சிரித்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் நீ இருக்கும் நாட்டில்தான். ஒன்று உன் ஊரில், உன் வீட்டிலிருந்து பஸ் ஏறி இறங்கும் தூரம். இன்னொன்று மலை ஊரில், உன்னிடமிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். நான் உன் ஊருக்கு வர வேண்டும் என்பது உன் ஆசை. எனக்கு மலை ஊர் மேல் ஒரு கண். இரண்டு பேருக்கு இரண்டு ஆசை வந்தால் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும்: எதிராளியின் பக்கத்தைத்தான் நாம் பேச வேண்டும், அப்பா தீர்ப்பு சொல்வார். காரில் உட்கார வைத்ததும் “எதிர்ல வர்றவன் கண்ணால ரோட்டைப் பாரு” என்று பாடம் நடத்துகிறவர், அதையே குடும்பத்துக்கும் சட்டமாக்கிவிட்டார். பத்து வயதில் நீ கிராப் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்தபோது, ஜடைக்காக நீயே பேசிப் பேசி, கடைசியில் மனசு மாறி ஜடையோடு தூங்கப் போனாயே!

போனில் இதைப் பேசக்கூடாது என்று உத்தரவு. “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துவீங்க, நான் யாருக்குன்னு தீர்ப்பு சொல்றது? எழுத்துல வரட்டும்” என்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். நானே தொடங்குகிறேன்.

கனம் நீதிபதி அவர்களே! மகள் ஊர்ப் பல்கலைக்கழகம் பெரியது, பழையது. பெயரைச் சொன்னால் நம் தெருமுனை டீக்கடைக்காரருக்கும் தெரியும். அங்கே வாங்கும் பட்டம் இங்கே செல்லும் பட்டங்களின் வரிசையில் இருக்கிறது; திரும்பி வந்த மறுமாதமே வக்கீலாகப் பதிந்துகொள்ளலாம். மலைப் பட்டத்துக்கு வந்தபிறகு இன்னொரு பரீட்சை எழுத வேண்டும். வெளிநாட்டு மாணவி என்றால் எதற்கெடுத்தாலும் ஒரு அலுவலகம், ஒரு வரிசை; கூட வந்து நிற்க ஒரு ஆள் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, என் பெண் வேலை முடிந்து வரும்போது வீட்டில் விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடுவேன். மழை நாளில் ஜன்னலில் நின்று “குடை எடுத்தியா?” என்று கத்துவேன். புத்தகம் என் மடியில், அவள் கால் என் மடிக்குப் பக்கத்தில். இதைவிட ஒரு தாய்க்கு என்ன படிப்பு வேண்டும்?

என் வாதம் முடிந்தது. இனி நீ பேசு. மலைக்காகப் பேசு. ஒப்புக்குப் பேசினால் அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

அன்பு அம்மா


மார்ச் 19

வருங்கால முதலாமாண்டு மாணவி அவர்களுக்கு,

உன் வாயாடி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. நீ என் ஊருக்கு வரக்கூடாது என்று நானே வாதாட வேண்டுமாம்! அப்பாவிடம் சொல், அவருக்கு இருக்கிறது.

ஆனாலும் நான் உன் மகள். ஒப்புக்குப் பேசத் தெரியாது. எதையும் கண்ணால் பார்க்காமல் எப்படிப் பேசுவது என்று இரண்டு நாள் லீவு போட்டு, போன ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி மலை ஊருக்கே போய்விட்டேன். துணைக்குக் கடைவாயும் வந்தாள். அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, எங்கள் பல் செய்யும் கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை. நான் முன்பல் செய்கிறேன், அவள் கடைவாய்ப்பல் மட்டும்தான் செய்வாள், அதனால் அந்தப் பெயர். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரித்தார், உடனே இவள் “நம்ம கூடத்துப் பல்லு” என்று என் காதில் சொல்லி மானத்தை வாங்கினாள்.

கனம் நீதிபதி அவர்களே! ஊர் சின்னது. நிலையத்திலிருந்து நடந்தே ஏறிவிடலாம், மூச்சுதான் கொஞ்சம் வாங்கும். அம்மாவைப் போல ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் அங்கே இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம். என் ஊரில் மூன்று. வகுப்பில் ஆட்கள் குறைவு. நான் பின்பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன், அந்தப் பேராசிரியை என்னையும் எழுப்பிக் கேள்வி கேட்டுவிட்டார். “நான் பல் செய்யறவளுங்க” என்றேன். “அதனால என்ன, சொல்லுங்க” என்றார். என் ஊரில் ஒரு கூடத்தில் முந்நூறு பேர்; ஆசிரியர் முகத்தையே திரையில்தான் பார்க்க வேண்டும்.

அம்மா, கீழ்த்தளத்தில் ஒரு அறை இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் அங்கே வந்து உட்காருகிறார்கள். மாணவர்கள் அவர்கள் சொல்வதைக் கேட்டு மனு எழுதிக் கொடுக்கிறார்கள், ஒரு பேராசிரியர் பின்னால் நின்று திருத்துகிறார். முதல் பருவத்திலிருந்தே! நான் போனபோது ஒரு பெண், வீட்டுச் சொந்தக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று அழுதுகொண்டிருந்தாள். எதிரே இருந்த பையன் தலையாட்டித் தலையாட்டி எழுதினானே தவிர ஒரு கேள்வி கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் “என்னைக்கு நின்னுச்சு? யார் பார்த்தாங்க? கேட்டதுக்கு என்ன சொன்னாரு?” என்று கேட்டிருப்பாய். அந்த நாற்காலியில் உன்னை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தினாய்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு முதல் வருடம் விடுதியில் இடம் நிச்சயம். அறையையும் திறந்து காட்டச் சொன்னேன். ஒரு கட்டில், ஒரு மேசை, அகலமான ஜன்னல். விடுதிக் காப்பாளர் என்னைத்தான் மாணவி என்று நினைத்துக்கொண்டு, “பெத்தவங்க யாரும் கூட வரலியா?” என்று கேட்டார். “நான்தாங்க பெத்தவங்க, படிக்கப் போறது எங்கம்மா” என்றேன். அந்த மனுஷி நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

அம்மா மலைக்குத்தான் போக வேண்டும். அங்கே போகாவிட்டால் அது பெரிய நஷ்டம். வாதம் முடிந்தது. எனக்கு மூச்சும் முடிந்தது.

உன் வாயாடி


ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நலம்.

உன் வாதத்தை மூன்று தடவை படித்தேன். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. அப்பா சத்தம் போட்டுப் படித்துவிட்டு, “இவளைத்தான் சட்டம் படிக்க அனுப்பணும், உன்னை இல்ல” என்றார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன் என்று பிறகுதான் தெரிந்தது.

நேராகவே கேட்டுவிடுகிறேன். நான் அங்கே வருவது உனக்கு இடைஞ்சலா? இருந்தால் தப்பில்லை. வளர்ந்த பெண், உனக்கென்று ஒரு வாழ்க்கை, தோழிகள். அம்மா வந்து நடுவீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் கொஞ்சம் மூச்சு முட்டத்தான் செய்யும். வழக்கத்துக்காகப் பேசினால் ஒரு ரயில் பிடித்து, மலையேறி, கட்டில் வரைக்குமா போய்ப் பார்ப்பார்கள்? வரவேண்டாம் என்றால் வரவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மலை ஊர் பிடிக்கும்தான். ஆனால் நீ தள்ளிவிட்டு நான் அங்கே போய் விழுவது பிடிக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது, மறைக்கத் தெரியவில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். மனுஷன் தலையில் கைவைத்துக்கொண்டார். கீழே இருப்பது அவர் சொல்லச் சொல்ல நான் எடுத்தது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“தீர்ப்பு. ரெண்டு பேரும் எதிராளி பக்கத்தை ரொம்ப நல்லாப் பேசிட்டீங்க. அதுதான் வினை. பேசுனதை எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் நெசம்னு நம்பிட்டு உக்காந்திருக்கீங்க. வழக்கம் போட்டவன் நான், நானே ரத்து பண்றேன். இனிமே அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்க பேசுங்க. காரணம் எல்லாம் வேண்டாம், ஆசையைச் சொல்லுங்க. முடிவு உங்கம்மாவோடது. படிக்கப் போறவ அவ. நான் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிறவன், அவ்வளவுதான். அப்புறம் வாயாடி, பல்லு வலிக்குது, என்ன மருந்து போடணும்?”

பல் செய்கிறவளுக்கும் பல் வைத்தியருக்கும் வித்தியாசம் உண்டு என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

நீ முதலில் எழுது. எனக்கு முதலில் எழுத மனசு வரவில்லை.

அம்மா


ஏப்ரல் 11

அம்மா! அம்மா! அம்மா!

நலம் விசாரிக்க எல்லாம் நேரமில்லை. இடைஞ்சலா? உனக்கு மூளை இருக்கிறதா? நான் வீடே மாற்றிவிட்டேன்!

உன் முதல் கடிதத்தைப் படித்தேன் அல்லவா, விளக்கு எரியும், தலை வாரிவிடுவேன், குடை எடுத்தியா என்று. படித்துவிட்டு, அம்மாவுக்கு மலை ஆசை போய்விட்டது, வழக்கம் என்கிற சாக்கில் மனசில் இருப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அப்படி நினைத்தபிறகும் மலைக்காக உயிரைக் கொடுத்துப் பேசினேனே, எதற்கு? அப்பாவின் உத்தரவுக்காக. நம் குடும்பத்தைத் தவிர இந்தப் பைத்தியக்காரத்தனத்தை யார் செய்வார்கள்? உனக்கு அதைத் தபாலில் போட்ட மறுவாரமே, இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்துக் குடிவந்துவிட்டேன். உன் அறைக்கு ஒரு கட்டில் வாங்கினேன். கடைவாய் வந்து பூட்டிக் கொடுத்தாள். ஒரு கால் இன்னும் ஆடுகிறது.

சரி, என் பக்கம். எனக்கு அதைப் பேசிப் பழக்கமில்லை, வருகிறபடி வரட்டும்.

எனக்கு நீ வேண்டும். காரணம் கேட்காதே. நான் இங்கே கஷ்டப்படவில்லை. வேலை பிடித்திருக்கிறது, சிரிக்க ஆள் இருக்கிறது, சாப்பாடும் ஓரளவு வாய்க்குள் போகிறது. ஆனால் இந்த ஊரில் என்னைத் திட்ட ஒருத்தரும் இல்லை, அம்மா. எல்லோரும் மரியாதையாக இருக்கிறார்கள். நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போது, “ஏன் இவ்வளவு நேரம்?” என்று யாராவது எரிந்து விழ வேண்டும். நீ விழ வேண்டும். வேறு எந்த ஆசையும் இல்லை, அவ்வளவுதான் என் வாதம்.

இன்னொன்று கேட்க வேண்டும். நான் இங்கே வேலைக்குக் கிளம்புவதா வேண்டாமா என்று வழக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? எனக்குப் போக ஆசை, அதனால் நான் ‘போகக்கூடாது’ என்று பேசினேன். நீ ‘போகட்டும்’ என்று பேசினாய். எவ்வளவு அழகாகப் பேசினாய்! அப்பா கைதட்டினார். விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது, உன் பக்கம் என்ன என்று நீ சொல்லவே இல்லையே என்று. இப்போது அப்பா வழக்கத்தை ரத்து செய்துவிட்டார். இப்போது சொல்.

அப்பாவை வெந்நீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளித்துவிட்டு ஒழுங்காக டாக்டரிடம் போகச் சொல்.

காத்திருக்கும்
வாயாடி


ஏப்ரல் 20

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று பிரித்தேன். தபால்காரர் இன்னும் கேட்டைக்கூடச் சாத்தவில்லை. நான் அழுவதைப் பார்த்துவிட்டு, “ஏதாவது கெட்ட சேதிங்களா?” என்று பதறினார். “இல்லைங்க, என் பொண்ணு என்னைத் திட்டியிருக்கா” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

‘இரு’ என்பதுதான் என் பக்கம். நீ கிளம்பின அன்றைக்கு வீட்டுச் சுவர் ஒவ்வொன்றும் ‘இரு, இரு’ என்று சொன்னது. வாயில் வந்ததை விழுங்கினேன். சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை, வழக்கத்துக்காக மட்டும் இல்லை.

இப்போது என் வழக்கு. நன்றாக உட்கார்ந்து படி.

நான் மலைக்குப் போகிறேன்.

எழுதிவிட்டேன். உனக்கு ஒரு மிட்டாய் வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வந்ததில்லை. இப்போது எவ்வளவு பெரிய ‘மாட்டேன்’ சொல்கிறேன் பார்.

ஒரு தடவை கோர்ட்டில் ஒரு பெண் கூண்டில் நின்று தேதியை மாற்றிச் சொல்லிவிட்டாள். பயத்தில் உளறினது, பொய் இல்லை. போன வாய்தாவில் சரியாகத்தான் சொல்லியிருந்தாள், எடுத்தவளே நான்தான். எதிர்வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு அவளை உலுக்கி எடுத்தார். அவள் பக்கம் பேச ஆள் இல்லை. என் எதிரில் நின்று முழிக்கிறாள், நான் தலைகுனிந்து அவளுடைய தப்பான தேதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவளுக்கு அங்கே வாய் கிடையாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் “எனக்குச் சட்டம் படிக்கணும்” என்றேன். நீ சொன்ன அந்தக் கீழ்த்தள அறையில் நான் உட்கார வேண்டும். அந்தப் பையன் கேட்காத கேள்விகளை எல்லாம் நான் கேட்க வேண்டும். பட்டத்துக்கு இன்னொரு பரீட்சை என்றால் எழுதிவிட்டுப் போகிறேன்.

இருபது வயதில் என் அம்மா வீட்டிலிருந்து உன் அப்பா வீட்டுக்கு வந்தேன். நான் பூட்டி நான் திறக்கிற ஒரு அறை எனக்கு இதுவரை இருந்ததில்லை. அப்பா மேல் குறை இல்லை, தங்கமான மனுஷன். இரண்டு வருடம் தான் சமைத்ததைத் தானே சாப்பிட வேண்டும் என்ற தண்டனையைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆனாலும் எனக்கு அந்த அறை வேண்டும். ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு ஆசையா என்று வெட்கமாகவும் இருக்கிறது.

உன் வீட்டுக்கு வந்தால் நான் படிக்க மாட்டேன், கண்ணு. பரீட்சைக்கு முதல் நாள் நீ இரண்டு தடவை தும்மினால் போதும், புத்தகத்தை மூடிவிடுவேன். சந்தோஷமாக மூடுவேன். அதுதான் என் பயம். உன் பக்கத்தில் நான் அம்மாவாக மட்டும்தான் இருப்பேன், எனக்கு வேறு எதுவும் ஆகத் தோன்றாது.

நீ கூப்பிட்டாய். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது. கூப்பிட்டாளே, அது போதும் என்று எழுதப் பார்த்தேன். பொய். போதவில்லை, ஓடி வர வேண்டும்போல இருக்கிறது. இருந்தாலும் மலைக்குப் போகிறேன். நேற்றே சம்மதம் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் உன் கட்டிலை நினைத்து மனசு மாறிவிடும்.

கோபித்துக்கொள். எவ்வளவு வேண்டுமோ கோபித்துக்கொள். ஆனால் எழுது.

உன் அம்மா


மே 6

அம்மா,

கோபமாகத்தான் இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு ஒரு முன்பல்லை மூன்று தடவை கெடுத்தேன். மேற்பார்வையாளர் வந்து, “யாருக்கு இது, முயலுக்கா?” என்று கேட்டார்.

எதிர்ப்பக்கம் பேசிப் பழகியும் ஒரு எதிர்வாதம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் தேடினேன். பிறகு கடைவாயிடம் படித்துக் காட்டினேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, “எங்கம்மா இப்படி ஒரு தடவை ‘மாட்டேன்’னு சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்டி” என்றாள். உனக்காக வைத்திருந்த அறைக்கு அவளே குடிவந்துவிட்டாள். வந்த முதல் நாளே, “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டுப் பார்த்தாள். நன்றாக இல்லை. உனக்கு வருகிற மாதிரி வரவில்லை.

உன் விமானம் என் ஊரில்தான் இறங்க வேண்டும், வேறு வழியில்லை. ஒரு வாரம் என்னோடு இரு. ஒரு வாரம் கட்டிலைக் காலி செய்து கொடுக்கக் கடைவாய் சம்மதித்துவிட்டாள். அந்த ஒரு வாரமும் நீ என்னைத் திட்டலாம், தலை வாரலாம், நான் வாயைத் திறக்க மாட்டேன். கம்பளி மட்டும் அங்கிருந்து தூக்கிக்கொண்டு வராதே, மலைக்குத் தகுந்ததாக இங்கே நானே வாங்கி வைக்கிறேன். வெளிநாட்டு மாணவர்கள் வந்ததும் பதிந்துகொள்ள வேண்டிய அலுவலகத்துக்கும் நானே கூட வந்து வரிசையில் நிற்பேன். அங்கேயாவது யாராவது ‘பெத்தவங்க யாரு’ என்று கேட்கட்டும்.

வாரம் முடிந்ததும் காலை ரயிலில் நானே உன்னை ஏற்றிவிடுகிறேன். ஜன்னல் ஓரம் இடம் பிடித்துத் தருகிறேன். நடைமேடையில் நின்று சிரித்துக்கொண்டே கையாட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறேன், ஆனால் என்னை எனக்குத் தெரியும்.

நான் அழுதால் இறங்கிவிடாதே, அம்மா.

வாயாடி